திரை மாறினால் ஆள் இருக்கிறான்

"உன் புருஷன் காணாமல் போகவில்லை" என்றார் சார்ஜன்.

சிங்களத்தில்தான் சொன்னார். கண்டிக்கு வந்த காலத்தில் இருந்து கமலாசனி பழகியது கடைத்தெருச் சிங்களம். வெங்காயத்துக்கும் பஸ்ஸுக்கும் அது போதும், பொலிஸ் நிலையத்துக்குப் போதாது. ஆனாலும் இந்த வசனம் அவளுக்கு விளங்கித் தொலைத்தது.

சார்ஜன் கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. கதிரை காட்டினார், உட்காரச் சொன்னார், தங்கச்சி முறை வைத்து "நங்கி" என்றுகூடக் கூப்பிட்டார். முறைப்பாட்டுப் புத்தகத்தை மட்டும் திறக்கவில்லை. அதன் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு, குழந்தைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பவர் போல நிதானமாகப் பேசினார்.

"நேற்று டவுனில் நின்றேன். புடைவைக் கடைச் சுவரில் இருக்கிற பெரிய டிவியில் இவ்வளவு நாளும் பால்மா விளம்பரம் போனது. நேற்று அதை எடுத்துவிட்டுப் பாடசாலைச் சப்பாத்துப் போட்டிருக்கிறது. அதை மாற்றுவது யார்? உன் புருஷன். நீயே சொன்னாய். கம்பனிக்கும் போன் எடுத்தேன். கண்டியில் எல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறது என்றார்கள். வேலை செய்கிற ஆள் எப்படிக் காணாமல் போவான்? கோபித்துக்கொண்டு எங்காவது இருப்பான். வருவான்."

"ஐயா, அது அவர் முந்தியே போட்டு வைத்தது. அது தானாகவே மாறும்."

"தானாக மாறுமா?" சார்ஜன் பக்கத்து மேசைக்காரனைப் பார்த்துச் சிரித்தார். "அப்படியென்றால் அது நிற்கட்டும். பிழைக்கட்டும். அப்போது வா. புத்தகத்தைத் திறக்கிறேன்."

விவேகானந்தன் செய்த வேலையை இன்னொருவருக்கு விளங்கப்படுத்துவதே பெரிய வேலை. கொக்குவிலில் இருந்த அவனுடைய தாய், மகன் கண்டியில் ரீவி திருத்துகிறான் என்றே கடைசி வரை ஊரில் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் ரீவி திருத்துகிறவன் அல்ல. கண்டி நகரத்துக் கடைகளில் விளம்பரத் திரைகள் தொங்கின: மருந்துக் கடையில், பேக்கரியில், முஹ்ஸின் ஹாஜியாரின் குளிர் இறைச்சிக் கடையில், எல்லாவற்றுக்கும் மேலாகத் தலதா வீதிக்குத் திரும்பும் மூலையில் புடைவைக் கடைச் சுவர் முழுக்க. ஒவ்வொரு திரைக்கும் பின்னால் ஒரு சின்னப் பெட்டி. பெட்டிகள் எல்லாம் ரெலிபோன் லைன் வழியாகக் கொழும்பில் உள்ள சேர்வரோடு பேசிக்கொண்டிருக்கும். அம்பிட்டியவில் வாடகை வீட்டு மேல்மாடியில், யன்னலோரத்து மேசையில் இருந்தபடி, எந்தத் திரையில் எந்தப் படம் எப்போது ஓட வேண்டும் என்று அவன் லப்டொப்பில் சொல்லுவான். பெட்டிகள் கேட்டு நடக்கும்.

வேலை அத்தோடு முடிந்துவிடாது. பெட்டிகள் சூடாக இருக்கும் என்பதால் பல்லிகள் குடும்பத்தோடு உள்ளே குடியேறிவிடும். ஆனி மழையில் இடி இடித்தால் லைன் செத்துப்போகும். மஹய்யாவவில் இருந்து உதவியாள் ராஜலிங்கம் ஏணியோடு வருவான், பல்லி முட்டைகளைத் தட்டிவிட்டு வயரைச் சொருகுவான். "அண்ணே, குடும்பத்த காலி பண்ணிட்டேன், பாருங்க" என்று கீழே இருந்து போன் பண்ணுவான். மேலே லப்டொப்பில் சிவப்புப் புள்ளி பச்சையாகும். அதைப் பார்த்து விவேகானந்தன் அடைகிற சந்தோஷத்தைக் கமலாசனி பலமுறை பகிடி பண்ணியிருக்கிறாள்.

லைன் செத்தாலும் திரை நிற்காது என்பதுதான் அந்தப் பெட்டியின் கெட்டித்தனம். வரப்போகிற நாட்களுக்கான படங்களை அது முன்கூட்டியே தன் வயிற்றுக்குள் இழுத்து வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு மாதக் கடைசியிலும் அடுத்த மாதம் முழுவதையும் ஏற்றிவிட்டுத்தான் விவேகானந்தன் நிம்மதியாகச் சாப்பிடுவான். அந்தக் கெட்டித்தனம்தான் இப்போது கமலாசனியின் கழுத்தைப் பிடித்தது.

பொல்கொல்லைப் பக்கம் பஸ்ஸில் குண்டு வெடித்த கிழமை அது. கண்டி முழுக்கச் சோதனை. யாழ்ப்பாணத்து அடையாள அட்டை வைத்திருந்தவர்கள் வீட்டை விட்டு வெளிக்கிடவே யோசித்தார்கள். ராஜலிங்கம் தட்டியும் பேக்கரிப் பெட்டி செத்தே கிடக்கிறது என்று விவேகானந்தனே போனான். திரும்பி வரும்போது மஹய்யாவ வளைவில் ஒரு வேன் நின்றது. சீருடை இல்லாதவர்கள் இறங்கினார்கள். பெயரைக் கேட்டார்கள், ஏற்றினார்கள், போனார்கள். கண்ட சாட்சி ஒரே ஒருவன்தான். அது ராஜலிங்கம்.

"நான் பாத்தேன்க்கா. இல்லேன்னு சொல்லல" என்றான் அவன். கமலாசனி அவன் வீட்டு வாசலில் நின்றாள். உள்ளே அவன் மனைவி நல்லம்மா ரொட்டி தட்டிக்கொண்டிருந்த சத்தம் நின்றுவிட்டது. "ஆனா பொலிசுல வந்து சொல்லச் சொல்லாதீங்க. எம்பத்தி மூணு கலவரத்துல எங்கப்பா இப்படித்தான் ஒருத்தனுக்காகப் பேசப் போனாரு. வீட்டக் கொளுத்திட்டாங்க. எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க."

"நீங்கள் ஒண்டும் சொல்ல வேண்டாம் ராஜலிங்கம். சும்மா என்னோட வந்து நிண்டாப் போதும்."

"நின்னா கேப்பாங்கக்கா. கேட்டா சொல்லணும்." அவன் அழுதான். ஆண்பிள்ளை அழுவதைப் பார்த்துக் கமலாசனிக்கு இரக்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது. பிறகு அந்தக் கோபத்துக்காக வெட்கப்பட்டாள். "புள்ளைய வேணும்னா இங்க விட்டுட்டுப் போங்க, நாங்க பாத்துக்கறோம்" என்று நல்லம்மா உள்ளே இருந்து சொன்னாள். அவர்களால் முடிந்தது அவ்வளவு. அதையாவது செய்தார்கள்.

மகள் ஆரணிக்கு ஆறு வயது. அப்பா கொழும்புக்கு வேலையாகப் போயிருக்கிறார் என்று முதல் நாள் சொன்ன பொய், கேள்வி கேட்கக் கேட்கப் பெருத்துக்கொண்டே போனது. பாடசாலை விட்டு வரும்போது பஸ் அந்தப் புடைவைக் கடை மூலையில் திரும்பும். குழந்தை யன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டு பார்க்கும்.

"அம்மா, அப்பா பால்மாவை எடுத்துப்போட்டுச் சப்பாத்துப் போட்டிருக்கிறார்."

"ஓம் பிள்ளை. பார்த்தியே, அப்பா அங்க இருந்து வேலை செய்யிறார்."

சொல்லிவிட்டுக் கமலாசனி வாயைப் பொத்திக்கொண்டாள். சார்ஜன் சொன்னதைத்தான் அவளும் சொல்லியிருந்தாள். வசனம்கூட மாறவில்லை.

பொலிஸ் பதிவு நம்பர் இல்லாமல் எந்தக் கதவும் திறக்கவில்லை. சட்டத்தரணி கேட்டது அதை. தடுத்து வைத்திருக்கும் இடங்களில் விசாரித்துத் தருகிறோம் என்றவர்கள் கேட்டதும் அதை. விவேகானந்தன் எங்கோ ஓர் அறையில் இருந்தால், இந்த நாட்களில்தான் இருப்பான். தாமதிக்கத் தாமதிக்க ஆட்கள் எந்த அறையிலும் இல்லாமல் போனார்கள் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். யாரும் அவளிடம் அதைச் சொல்லவில்லை. சொல்லாமல் தலையை மட்டும் குனிந்துகொண்டார்கள்.

லப்டொப் மேசையில்தான் இருந்தது. மூடியைத் திறந்தால் போதும், அவனுடைய பெயரிலேயே உள்ளே போகும். வீட்டில் யார் தொடப்போகிறார்கள் என்று பாஸ்வேர்ட்டை அப்படியே விட்டிருந்தான். திரைகளை அவளே நிறுத்தியிருக்கலாம். மாலைகளில் தேத்தண்ணியோடு அவன் பக்கத்தில் இருந்து பார்த்த பழக்கத்தில் எந்தப் பொத்தான் என்று தெரியும். ஆனால் தொட்டால், இந்த வீட்டில் இருந்து, அவன் பெயரில், இன்ன நேரம் ஆள் வந்துபோனான் என்று கொழும்புச் சேர்வரில் பதியும். "பார், புருஷன் வீட்டிலேயே இருக்கிறான்" என்பார்கள். தொட்டாலும் அவன் இருக்கிறான், தொடாவிட்டாலும் அவன் இருக்கிறான். ஆள் மட்டும் இல்லை. தலையைச் சுவரில் மோதிக்கொள்ளலாம் போல இருந்தது அவளுக்கு.

அவனுடைய படத்தைத் திரையில் போட்டால் என்ன என்றும் ஒருமுறை யோசித்தாள். போடலாம். குண்டு வெடித்த பின் ஒரு தமிழனின் முகம் சுவர் அளவில் தெரிந்தால், பொலிஸ் தேடுகிற ஆள் என்றுதான் சனம் நினைக்கும். எங்கேயாவது உயிரோடு கண்டாலும் அடித்தே கொன்றுவிடும். அந்த யோசனையை அத்தோடு விட்டாள்.

பொசொன் போயா பௌத்தர்களின் பௌர்ணமித் திருநாள், இறைச்சிக் கடைகளும் பூட்டும் நாள். அதற்கு முதல் நாள் பின்னேரம் முஹ்ஸின் ஹாஜியார் வந்தார். மழை. குடையை வெளியில் விரித்து வைத்துவிட்டு, ஒரு பார்சலை மேசையில் வைத்தார். குழந்தைக்கு ரொட்டியும் கோழிக் கறியும்.

"தங்கச்சி, விவேகானந்தன் தம்பிட விசயம் எதாச்சும் தெரிய வந்திச்சா?"

"இல்லை ஹாஜியார்."

"அல்லாஹ் பாதுகாக்கணும். நான் தொழுகையில ஒவ்வொரு நாளும் கேக்கிற." கதிரையின் நுனியில் இருந்தார். தொண்டையைச் செருமினார். வந்த காரியம் வேறு என்று கமலாசனிக்கு விளங்கியது. "நாளைக்குப் போயா."

"ஓம்."

"தம்பி இருந்தா நாளைக்கி வெடிய என்ட எறச்சி வெளம்பரத்த எறக்குவார்."

உண்மைதான். மற்ற நாட்களையெல்லாம் மாதம் முழுவதற்குமாக முன்னதாக ஏற்றி வைத்த விவேகானந்தன், போயா நாளை மட்டும் பெட்டியை நம்பி விடவில்லை. மின்சாரம் போய் வந்தால் சில பெட்டிகள் தங்களுக்குப் பிடித்த திகதிக்குத் தாவிவிடும். சப்பாத்து ஒரு நாள் பிந்தி வந்தால் யாரும் சாகப்போவதில்லை. போயா அன்று, தலதா மாளிகைக்குப் பூத்தட்டோடு போகும் சனத்தின் தலைக்கு மேலே வெங்காயத்தோடு பொரியும் சொசேஜஸ் ஓடினால் கதை வேறு. ஆகவே அந்த ஒரு நாளை மட்டும் அவன் கையால் செய்தான். விடிய முகம் கழுவிவிட்டு மேசையில் இருந்து, இறைச்சி விளம்பரத்தை இறக்கி, போயா வாழ்த்தை ஏற்றுவான். ராஜலிங்கம் சைக்கிளில் எல்லாக் கடையும் சுற்றிக் கண்ணால் பார்த்துப் போன் பண்ணின பிறகுதான் தேத்தண்ணி.

"கடையப் பூட்டிருவன், கடைக்குள்ள ஈக்கிற டிவியையும் நிப்பாட்டிருவன்" என்றார் முஹ்ஸின். "மூலையில ஈக்கிற பெரிய டிவிய என்ன செய்யிற? அதுட சுவிட்ச் ஈக்கிற ரூம்ட தொறப்பு புடைவைக் கடை மொதலாளிக்கிட்ட, அவர் கொழும்புல. வெடியக்காலம் அது தானாப் பத்தும். என்ட கடைப் பேரோட, நம்பரோட வரும். கம்பனிக்கு ரெண்டு தரம் பேசினன். விவேகானந்தன் எப்பவும் செய்வார், செய்வார் எண்டுதான் செல்றாங்க."

"ராஜலிங்கத்தை ஏறி வயரைக் கழட்டச் சொல்லுங்கோவன்."

"மூலையில ஆமிக்காரன் நிக்கிறான் தங்கச்சி. இந்தக் கெழமையில ஒரு தமிழப் பொடியன் ஏணி வெச்சி வயரோட ஏறினா, கேட்டுட்டா சுடுவான்?" அவருடைய குரல் இறங்கியது. "மாவனெல்லயில என்ட மாமாட கடைய எரிச்சப்போ நான் அங்க நிண்ட. ஒரு சின்னக் கதையிலதான் தொடங்கின. இது எறச்சி. போயாவுக்கு. மாளிகைக்குப் போற பாதையில. நீங்க தட்டி விடுங்க தங்கச்சி. ஒங்களுக்குத் தெரியும்தானே?"

யன்னலுக்கு வெளியே ஹந்தானை மலை முழுவதும் முகிலுக்குள் போயிருந்தது. அவளுக்குள்ளே ஓடிய எண்ணத்தை அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வாள்? நாளை அந்தத் திரை பிழைக்கும். யாரும் தொடாமலே பிழைக்கும். ஒரு போயாவுக்கும் பிழைக்காத மனிதன் நாளைக்குப் பிழைத்தால் அவன் அங்கே இல்லை என்று அர்த்தம். பிழைக்கட்டும், அப்போது வா என்று சார்ஜனே சொன்னார். அவள் இந்தப் போயாவுக்காகவே இவ்வளவு நாளும் காத்திருந்தாள்.

"ஹாஜியார், நான் தட்டினால் அவர் வீட்டில இருக்கிறார் எண்டு ஆகிடும். பொலிஸ் பிறகு ஒருநாளும் என்ட சொல்லை எடுக்காது."

முஹ்ஸின் பார்சலை அவள் பக்கமாகத் தள்ளி வைத்தார். "அப்பிடியா" என்றார். பிறகு, "நான் எப்பிடி ஒங்களுக்குச் செய்யாதீங்க எண்டு செல்ற, செய்யுங்க எண்டு செல்ற? எனக்கிட்ட வாப்பா விட்டுட்டுப் போன கட ஒண்டு ஈக்கி. ஒங்களுக்கிட்ட புருசன்." குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். கெஞ்சி இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் கமலாசனிக்குக் கோபமாவது வந்திருக்கும்.

அன்று அவள் கொழும்புக்கும் பேசினாள். மனேஜர் பரமநாதன் வட்டுக்கோட்டைக்காரர். தமிழர் என்பதாலேயே இந்த விஷயத்தில் இரட்டிப்பாகப் பயந்தார்.

"அண்ணை, இவரைப் பிடிச்சுக்கொண்டு போய்ட்டாங்கள் எண்டு உங்களுக்குத் தெரியும். அவர் வேலை செய்யிறார் எண்டு பொலிஸுக்கு ஏன் சொன்னனீங்கள்?"

"தங்கச்சி, நான் சிஸ்டம் வேலை செய்யுது எண்டுதான் சொன்னனான். ஆளைப் பற்றி ஒண்டும் சொல்லேல்ல. எங்கட ஸ்டாஃப் ஒருத்தரைப் பிடிச்சிட்டினம் எண்டு வெளியில தெரிஞ்சால் கம்பனியை மூடச் சொல்லுவாங்கள். இங்க இருந்து கண்டித் திரையளைத் தொடத் தெரிஞ்ச ஆள் இல்லை. நீங்கள் நாளைக்குப் போயா விசயத்தை மட்டும் பாத்துவிடுங்கோ. அவர்ட பேரிலேயே செய்யுங்கோ. ஒருத்தருக்கும் தெரியாது."

ஒருத்தருக்கும் தெரியாது என்பதுதான் தன் பிரச்சினை என்று சொல்ல நினைத்தாள். போன் வைக்கப்பட்டுவிட்டது.

ஆரணி கோழிக் கறியைத் தொட்டுத் தொட்டு ரொட்டி சாப்பிட்டாள். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த கமலாசனிக்கு ஒரு காட்சி கண் முன்னால் வந்தது. அதைத் தள்ளிவிட எவ்வளவோ பார்த்தாள், போகவில்லை. எங்கோ ஓர் அறை. விவேகானந்தன் நிலத்தில் இருக்கிறான். கதவு திறக்கிறது. நகரத்தில் நடந்த கலாட்டாவைக் கேட்டு வந்தவன் ஒருவன் கேட்கிறான்: பொசொனுக்கு இறைச்சி போட்டது நீயா? அவன் இல்லை என்பான். வேறு யார் என்பார்கள். அதற்கு மேல் அவளால் நினைக்க முடியவில்லை. இரவெல்லாம் மகளின் முதுகில் கையை வைத்துக்கொண்டு கிடந்தாள்.

விடியும்போது மழை விட்டிருந்தது. அம்பிட்டிய விகாரையில் பிரித் ஓதும் சத்தம் கேட்கத் தொடங்கியது. கமலாசனி முகம் கழுவினாள். மேசையில் இருந்தாள். மூடியைத் திறந்தாள்.

விவேகானந்தன், நல்வரவு என்றது அது, ஆங்கிலத்தில்.

பட்டியலில் எல்லாப் புள்ளிகளும் பச்சை. கோழியையும் சொசேஜஸையும் ஒவ்வொரு திரையாகப் பிடித்து இறக்கினாள். ஹாஜியாரின் கடை தப்பியது. அறைக்குள் இருக்கிறவனும் இந்த ஓர் அடியில் இருந்து தப்பினான். சார்ஜனிடம் சொல்ல அவளிடம் இனி ஒன்றும் இல்லை.

இறக்கினால் வெறுமையாக விட முடியாது, வாழ்த்து ஏற்ற வேண்டும். லப்டொப்பில் வாழ்த்துகள் இருந்த பெட்டகத்தைத் திறந்தாள். விவேகானந்தன் பொசொன் படத்தை முன்னதாகவே தயாராக வைத்திருந்தான்: மிகிந்தலை மலை, மான், வில்லோடு அரசன், எதிரே மஞ்சள் உடையில் மகிந்த தேரர். அதற்குப் பக்கத்தில் போன மாதப் போயாவுக்கு ஓடிய வெசாக் படம்: தாமரை, வெளிச்சக் கூடுகள், "வெசாக் வாழ்த்துகள்" என்று கொட்டை எழுத்தில் சிங்களம்.

அவளுடைய கை மான் படத்துக்குப் போனது, நின்றது.

முதல் வருஷத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் அவள் கேட்டபோது அவன் சிரித்த சிரிப்பு ஞாபகம் வந்தது. "மாறிப் போட்டால் என்ன நடக்கும்?" என்று கேட்டாள். "ஒண்டும் நடக்காது. நத்தாருக்கு ஈஸ்டர் வாழ்த்துச் சொன்ன மாதிரி. சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். ஆனா எனக்கு வேலை போகும்" என்றான். "கண்டியில இருந்துகொண்டு இதைப் பிழையாப் போடுறவன் இந்த வேலைக்கு லாயக்கில்லை."

இதற்காக யாரும் யாரையும் அடிக்காத பிழை. அவன் செத்தாலும் செய்யாத பிழை.

கமலாசனி வெசாக் படத்தைப் பிடித்து இழுத்து, ஒவ்வொரு திரையிலும் போட்டாள். மூலையில் இருந்த பெரிய திரையில் கடைசியாகப் போட்டாள். புள்ளிகள் பச்சையாகவே இருந்தன. அவன் இவ்வளவு வருஷமாகக் கட்டிக் காத்த பெயரைத் தன் கையாலேயே கெடுத்துவிட்டேன் என்று நினைத்து, மூடியைச் சாத்திவிட்டு அழுதாள்.

குழந்தையைக் கொண்டுபோய் நல்லம்மாவிடம் விட்டுவிட்டு வாசலுக்கு வரும்போதே போன் அடித்தது.

"தங்கச்சி! என்ன இது?" பரமநாதனின் குரல் கீச்சிட்டது. "வெசாக் ஓடுதாம்! பொசொனுக்கு! புடைவைக் கடை முதலாளி போன் எடுத்துக் கிழிக்கிறான். சனம் கூடி நிண்டு சிரிக்குதாம். ஒரு பிக்கு படம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாராம். விவேகானந்தனுக்குப் பைத்தியமோ?"

"இவர் போடேல்ல அண்ணை."

"தெரியும், தெரியும்! அவன் இப்பிடிப் போட மாட்டான்!"

கமலாசனி றோட்டோரத்து மதிலைப் பிடித்துக்கொண்டாள். "அதைத்தான் பொலிஸுக்குச் சொல்லுங்கோ."

"என்னைச் சிக்கலில மாட்டாதேங்கோ."

"நீங்கள் மாட்டியாச்சு அண்ணை. இண்டைக்குக் கேப்பாங்கள், போயாவைப் பகிடி பண்ணினது ஆர் எண்டு. எங்கட ஆள்தான் வேலை செய்யிறார் எண்டு போன கிழமை சொன்னனீங்கள். இப்ப என்ன சொல்லப் போறியள்? உங்கட கம்பனிதான் செய்தது எண்டோ? ஆள் இல்லை, பிடிச்சுக்கொண்டு போய்ட்டினம், ஒண்டும் தெரியாத மனிசி கை வச்சுப் பிழைச்சுப் போச்சு எண்டு சொல்லுங்கோ. அது உண்மை. உண்மையைச் சொன்னால் நீங்களும் தப்புவியள்."

"சரி" என்றார் கடைசியில். "என்ட பேர் மட்டும் வேண்டாம். கம்பனி பேரில சொல்லுறன்." பயம் அந்த மனிதரை ஒரு கிழமை பொய் சொல்ல வைத்தது. அதே பயம்தான் இப்போது உண்மையைச் சொல்ல வைத்தது. எப்படியோ சொன்னால் சரி என்றிருந்தது அவளுக்கு.

பொலிஸ் நிலையத்து வாசலில் வெள்ளை உடுத்த இளைஞர்கள் தன்சல் போட்டு, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் பெலிமல் என்கிற வில்வப்பூத் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கும் ஒரு கோப்பை நீட்டினார்கள். வாங்கிக் குடித்தாள். அந்த நாளில் வயிற்றுக்குள் போனது அது ஒன்றுதான்.

சார்ஜன் இவளைக் கண்டதும் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "வெசாக்" என்றார். "என் மனைவி போன் பண்ணிச் சொன்னாள். உன் புருஷனுக்கு என்ன நடந்தது?"

"புருஷன் செய்யவில்லை ஐயா. நான் செய்தேன்."

"கம்பனியும் சொன்னது." சிரிப்பு போய்விட்டது. "பிழையென்று தெரியாமலா போட்டாய்?"

சார்ஜன் அவளை உற்றுப் பார்த்தார். அவருடைய கண்ணில் சந்தேகம் இருந்தது. அதற்கு அப்பால், மனுசர் ஒருவரையொருவர் பார்க்கும்போது வருகிற வேறு ஏதோ ஒன்றும் இருந்தது. கமலாசனி கடைத்தெருச் சிங்களத்தைத் தேடித் தேடிக் கோத்தாள்.

"அவர் இருந்தால் இது நடக்காது ஐயா. ஒரு நாளும் நடக்காது. அவர் இல்லை. அதனால்தான் இது நடந்தது."

சார்ஜன் முழங்கையை எடுத்தார். புத்தகத்தைத் திறந்தார்.

பெயர் கேட்டார். வயது, உயரம், நிறம் கேட்டார். கடைசியாகக் காணும்போது என்ன உடுத்திருந்தான்? நீலக் கட்டம் போட்ட சேர்ட். உடம்பில் அடையாளம்? இடது கையில் சுட்ட காயம், சோல்டரிங் செய்யும்போது பட்டது. எல்லாம் எழுதினார். வாசித்துக் காட்டினார். காணாமல் போனவர் என்ற சொல்லும் வந்தது. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவள் ஒரு கிழமையாக நாயாய் அலைந்தாள். கையெழுத்துப் போட்டாள். நம்பர் எழுதிய துண்டைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள்.

"இனி அந்த மெஷினைத் தொடாதே" என்றார் சார்ஜன். "தேடச் சொல்லி அனுப்புகிறேன். வாக்குக் கொடுக்க முடியாது."

மஹய்யாவவில் நல்லம்மாவின் வீட்டு வாசல் படியில் ஆரணி உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் கண்ணீர் காய்ந்து கோடாக இருந்தது. விடிய ராஜலிங்கம் வழக்கப்படி சைக்கிளில் சுற்றிப் பார்க்கப் போயிருக்கிறான். பழக்கம் விடவில்லை. பார்த்துவிட்டு வந்து, நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நல்லம்மாவிடம் சொன்னது குழந்தையின் காதில் விழுந்திருக்கிறது. அவனுடைய மகள்மார் சிரித்திருக்கிறார்கள்.

"அம்மா, அப்பா பிழையாப் போட்டவராம். எல்லாரும் சிரிக்கினமாம்." உதடு துடித்தது. "அப்பா பிழை விடமாட்டார்தானே?"

கமலாசனி பக்கத்தில் படியில் இருந்தாள். இன்னொரு பொய் சொல்ல அவளுக்கு நேரம் இருந்தது. பொய்யும் நாக்கு நுனியில் வந்து நின்றது. முடிச்சில் இருந்த துண்டு விரலில் பட்டது.

"அப்பா பிழை விடேல்ல. அது அம்மா போட்டது."

"ஏன் நீங்கள் போட்டனீங்கள்? அப்பா எங்க?"

"அப்பாவைக் காணேல்லை, ஆரணி."

இவ்வளவு நாளும் சிங்களத்தில் சொன்னாள், போனில் சொன்னாள், சட்டத்தரணிக்குச் சொன்னாள். தன் பிள்ளைக்கு இப்போதுதான் சொன்னாள். உள்ளே நல்லம்மா விம்முவது கேட்டது. ஆரணி அழவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு எதையோ கூட்டிப் பார்த்தாள்.

"அப்ப சப்பாத்து மாத்தினது?"

"அது அப்பா முந்தியே போட்டு வச்சது, பிள்ளை. தானா மாறும்."

பொலிஸ் நிலையத்தில் எவ்வளவு சொல்லியும் ஏறாத அந்த வசனம் குழந்தைக்கு ஒரு தரம் சொன்னதுமே விளங்கிவிட்டது. அவள் தாயின் சேலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.